மழலையர் வகுப்பும் கோட்பாடுகளும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

மழலையர் ஆசிரியர் பயிற்சியில் முதலாண்டு படிக்கிறேன். பியாஜே, வைகாட்ஸ்கி, பௌல்பி, பார்டன் என்று குழந்தை வளர்ச்சியை ஆராய்ந்தவர்களின் பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. தேர்வில் எழுதிவிடுகிறேன், ஆனால் வகுப்புக்குள் போனால் ஒன்றும் ஞாபகம் வருவதில்லை. போன வாரம் பயிற்சி வகுப்பில் நான்கு வயதுப் பையன் ஒருவன், மற்றவர்கள் கட்டைகள் அடுக்குவதை ரொம்ப நேரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். வகுப்பாசிரியர், “கூட்டிக்கொண்டு போய் அவர்களோடு உட்கார வை” என்றார். உட்கார வைத்தேன், அழுதுவிட்டான். இங்கே எந்தக் கோட்பாடு எனக்கு உதவியிருக்கும்? இவற்றில் உண்மையிலேயே தேவையானவை எவை?

ம.

அன்புள்ள ம.,

அந்தப் பையனைப் பற்றி உங்கள் பட்டியலிலேயே ஒருவர் எழுதியிருக்கிறார். மில்ட்ரெட் பார்டன் 1932-இல் சிறு குழந்தைகளின் விளையாட்டை வகை பிரித்தபோது, மற்றவர்கள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தனி வகையாகவே வைத்தார். எதிலும் ஈடுபடாமல் திரிவது அவரிடம் வேறொரு வகை. உங்கள் பையன் சும்மா நிற்கவில்லை, யார் எதை எடுக்கிறார்கள், யார் சொன்னால் யார் கேட்கிறார்கள், கோபுரம் சரிந்தால் சிரிப்பார்களா சண்டை வருமா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். பார்டன் சொல்லும் இன்னொரு வகை, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் விளையாட்டை விளையாடுவது. அதுதான் உங்களுக்கு அங்கே கைகொடுத்திருக்கும். அவர்களுக்குக் கொஞ்சம் தள்ளி நான்கைந்து கட்டைகளோடு நீங்கள் உட்கார்ந்து, ஒன்றும் சொல்லாமல் அடுக்க ஆரம்பித்திருந்தால், அவன் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கக்கூடும். வராமலும் இருந்திருக்கலாம், அப்படியென்றால் இன்னும் பார்க்க வேண்டியது அவனுக்கு மிச்சம் இருக்கிறது. ஒன்று மட்டும் கவனமாக இருங்கள், இந்த வகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் படிகள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நன்றாகச் சேர்ந்து விளையாடும் குழந்தையும் சில நாள் தனியாக விளையாடும், அதில் குறை ஒன்றும் இல்லை.

உங்கள் பெரிய கேள்விக்கு என் பதில் இதுதான்: எல்லாமே தேவை, ஆனால் விடைகளாக அல்ல, குழந்தையைப் பார்க்கும்போது நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளாக. பயிற்சி வகுப்புகளில் இவற்றை வரையறையாகவே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள், அதனால்தான் வகுப்பறையில் அவை ஞாபகத்துக்கு வருவதில்லை.

எண்ணுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குழந்தை ஐந்து பொத்தான்களைத் தொட்டுத் தொட்டு “ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து” என்கிறது. சரி, எத்தனை பொத்தான் இருக்கிறது என்று கேட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்குகிறது. நாம் கைதட்டிவிட்டு, எண்ணத் தெரிந்துவிட்டது என்று குறித்து வைக்கிறோம். ரோச்செல் கெல்மனும் காலிஸ்டலும் 1978-இல் எண்ணுதலுக்குள் இருக்கும் விதிகளைப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரு எண், எண்கள் எப்போதும் ஒரே வரிசையில் வர வேண்டும், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம், எந்தப் பொருளிலிருந்து ஆரம்பித்தாலும் மொத்தம் மாறாது, எந்தப் பொருளையும் இப்படி எண்ணலாம். மேலே சொன்ன குழந்தைக்கு முதல் இரண்டும் வந்துவிட்டன, மூன்றாவது இன்னும் வரவில்லை. “எனக்கு மூன்று பொத்தான் கொடு” என்று கேட்டுப் பாருங்கள், பத்து வரை தடுமாறாமல் சொல்லும் குழந்தைகூட ஒரு கை நிறைய அள்ளி நீட்டும். அந்தக் குழந்தைக்கு இருபது வரை சொல்லிக் கொடுப்பதால் இப்போது பயன் இல்லை. இரண்டையும் மூன்றையும் வைத்துக்கொண்டு நிறைய எடுக்கவும் கொடுக்கவும் வேண்டும். இதை அறிந்த ஆசிரியரும் அறியாத ஆசிரியரும் பார்ப்பது ஒரே குழந்தையைத்தான், ஆனால் அடுத்து செய்வது முற்றிலும் வேறாக இருக்கும்.

வைகாட்ஸ்கியும் அப்படித்தான். குழந்தை தனியாகச் செய்ய முடிவதற்கும் தெரிந்தவர் துணையோடு செய்ய முடிவதற்கும் இடையில் உள்ள தூரத்தை அண்மை வளர்ச்சி மண்டலம் என்றார். அந்தத் தூரத்தைக் கடக்கப் பெரியவர் தரும் தற்காலிக உதவியைக் குறிக்கும் சாரம் அமைத்தல் என்ற சொல் அவருடையதல்ல, அவர் 1934-இலேயே இறந்துவிட்டார். அந்தச் சொல் உட், புரூனர், ராஸ் மூவரும் 1976-இல் எழுதிய கட்டுரையில் வருவது, மூன்றிலிருந்து ஐந்து வயதுக் குழந்தைகள் மரக்கட்டைகளைப் பொருத்திப் பிரமிடு கட்டப் பெரியவர் எப்படி உதவுகிறார் என்று அதில் பார்த்தார்கள். (தேர்வில் நிறைய பேர் இதை வைகாட்ஸ்கி கணக்கில் எழுதுகிறார்கள்.) நடைமுறையில் இதன் உயிர் ஒரே விதியில் இருக்கிறது: குழந்தை தவறினால் உதவியைக் கொஞ்சம் கூட்டு, செய்துவிட்டால் உடனே குறை. படப்புதிரில் ஒரு துண்டு பொருந்தவில்லை, குழந்தை அழுத்திக்கொண்டே இருக்கிறது. முதலில் பேசாமல் இருங்கள். அப்புறம் “நேரான ஓரம் எங்கே இருக்கிறது பார்” என்று சொல்லலாம். அதுவும் போதவில்லையென்றால் துண்டைத் திருப்பிப் பக்கத்தில் வையுங்கள், கடைசியில்தான் கையைப் பிடித்துப் பொருத்துவது. அடுத்த துண்டுக்குப் போகும்போது மறுபடி பேசாமல் இருப்பதிலிருந்து தொடங்க வேண்டும், நாம் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான், ஒருமுறை கையை நீட்டியதும் பிறகு எல்லாத் துண்டையும் நாமே வைத்துவிடுகிறோம்.

பியாஜேயைப் பொறுத்தவரை, சிந்தனை வளர்ச்சிக்கு அவர் சொன்ன நான்கு நிலைகளையும் வயதையும் மனப்பாடம் செய்வதைவிட அவர் கண்ட ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: குழந்தையின் தவறான விடைக்கும் ஒரு தர்க்கம் இருக்கிறது. இரண்டு வரிசையில் சமமாக வில்லைகளை வைத்து, ஒரு வரிசையைக் கொஞ்சம் பரப்பிவிட்டு எதில் அதிகம் என்று கேட்டால், நான்கு ஐந்து வயதில் நிறைய குழந்தைகள் நீளமான வரிசையைக் காட்டுவார்கள். ஆனால் மெக்காரிகிளும் மார்கரெட் டொனால்ட்சனும் 1970களில் இதையே வேறு மாதிரி செய்தார்கள். பெரியவர் கலைப்பதற்குப் பதில் ஒரு கரடிப் பொம்மை குறும்பாக வந்து வரிசையைக் கலைத்துவிட்டது, அப்போது சரியாகச் சொன்ன குழந்தைகள் பல மடங்கு கூடினார்கள். பெரியவரே வேண்டுமென்று ஒன்றை மாற்றிவிட்டு அதே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால், வேறு பதில் எதிர்பார்க்கிறார் என்று குழந்தை நினைத்துக்கொள்கிறது என்பது அவர்கள் விளக்கம். வகுப்பில் நீங்கள் தினமும் பார்க்கப் போவது இதுதான். சரியான விடை சொன்ன குழந்தையிடம் “அப்படியா, நல்லா யோசிச்சியா?” என்று கேட்டால் உடனே விடையை மாற்றிக்கொள்ளும். அதை அறியாமை என்று குறிக்காதீர்கள்.

குழந்தைக்கும் அதைப் பார்த்துக்கொள்பவருக்கும் இடையிலான பிணைப்பை ஆராய்ந்த பௌல்பி, ஐன்ஸ்வொர்த் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலையில் பெற்றோர் கிளம்பும்போது குழந்தை அழுவது அந்தக் குழந்தையைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் சொல்லிவிடாது. ஐன்ஸ்வொர்த்தின் ஆய்வில், சிறிது நேரம் விலகிப் போய்த் திரும்பி வந்த தாயைக் கைக்குழந்தை எப்படி எதிர்கொள்கிறது, அவரிடம் ஆறுதல் அடைகிறதா என்பதுதான் முக்கியமாகக் கவனிக்கப்பட்டது. உங்கள் வேலை, அழும் குழந்தைக்கு நம்பிப் போய் நிற்க ஒரே ஒருவராவது தினமும் அங்கே இருப்பதை உறுதி செய்வது. பெற்றோர் கண்ணில் படாமல் நழுவிப் போவதை ஊக்குவிக்காதீர்கள், சொல்லிவிட்டுப் போகட்டும், குழந்தை அழுதாலும்.

இத்தனைக்கும் அடியில் ஒரு பழக்கம் வேண்டும், பார்த்ததை எழுதி வைப்பது. “அடம்பிடித்தாள்” என்று எழுதினால் அது உங்கள் தீர்ப்பு. “பொம்மையை எடுத்துவைக்கச் சொன்னதும் மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மேசைக்கு அடியில் போனாள், இரண்டு நிமிடம் கழித்துத் தானே கொண்டுவந்து வைத்தாள்” என்று எழுதினால், பின்னால் வேறொருவர் படித்தாலும் அவளைப் பற்றி யோசிக்க அதில் இடம் இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு குழந்தை, ஐந்து நிமிடம் போதும். மாலையில் அந்தக் குறிப்பை முதலில் படியுங்கள், பிறகு பாடப்புத்தகத்தை எடுங்கள். அந்த வரிசையில் படித்தால் தேர்வுக்கும் தனியாக உதாரணம் தேட வேண்டியிருக்காது.

அந்தப் பொத்தான் கேள்வியை மூன்று நான்கு குழந்தைகளிடம் கேட்டுப் பார்த்துவிட்டு, அவர்கள் என்ன செய்தார்கள் என்று எழுதுங்கள்.