முட்டிவலி உள்ள அம்மா, ஐந்து வயதுப் பையன்: சென்னையில் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம்?

முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ராவுக்குப் போங்கள்; தென்னிந்தியப் பழைய வீடுகளையும் கைவினைகளையும் காட்டும் அருங்காட்சியகம் அது. நீங்கள் கேட்டபடி முட்டிவலி உள்ள அம்மா, ஐந்து வயதுப் பையன் இரண்டு பேரையும் சேர்த்துக் கூட்டிப்போக எனக்குத் தெரிந்து அதுதான் பொருத்தமான இடம்.

முன்பு வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போனபோது பையன் மதியமே அழ ஆரம்பித்துவிட்டான் என்றீர்கள். பெரும்பாலும் நடையும் வெயிலும்தான் காரணம். அந்தப் பூங்கா ஏறக்குறைய 602 ஹெக்டேர். உச்சிவெயிலில் விலங்குகளும் நிழலில் போய்ப் படுத்துவிடும்.

தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடு, கேரள வீடு என்று பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். அம்மா திண்ணையில் சாவகாசமாக உட்காரலாம். பையனைக் குயவர் சக்கரத்தின் முன்னால் உட்கார வையுங்கள். ஈரக் களிமண் விரலுக்கு நடுவே எழும்புவதைத் தொட்டுப் பார்த்துவிட்டால் லேசில் எழுந்து வரமாட்டான்.

கிளம்பும் முன் இரண்டு விஷயம்:

1. போன் செய்து, அன்றைக்கு மண்பாண்டம் செய்ய விடுவார்களா, சக்கர நாற்காலி கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.
2. அம்மாவால் கைப்பிடி இல்லாமல் இரண்டு படி ஏற முடிகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். பழைய வீடுகள், வாசற்படியைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். முடியாவிட்டால் திண்ணையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஞாயிறு சாயங்காலம் ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) வண்டி நகராது; காலையில் திறந்ததுமே போய், மூன்று மணிக்குள் கிளம்பிவிடுங்கள். இவ்வளவு தூரம் வந்தாச்சே, மாமல்லபுரத்தையும் பார்த்துவிடலாம் என்று தோன்றும். அம்மாவின் முட்டியை நினைத்து அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை தட்சிணசித்ரா விடுமுறை.