யூதர்கள் வாரந்தோறும் தோராப் பகுதியை வைத்துப் போடும் சொல் விடுகதைகள் எப்படி இருக்கும்? ஹீப்ரு தெரியாதவர்கள் ரசிக்க முடியுமா?

முடியும். ஹீப்ரு பேசத் தெரிய வேண்டியதில்லை, எழுத்து தெரிந்தால் போதும், அதுவும் மொத்தமே 22 எழுத்துதான். நான் ஆராய்ச்சி வேலையாக இஸ்ரேலில் இருந்தபோது வெள்ளிக்கிழமைகளில் ஜெப ஆலயங்களில் இலவசமாகக் கிடைக்கும் சப்பாத் (யூதர்களின் சனிக்கிழமை ஓய்வுநாள்) தாள்களை எடுத்து வருவேன். சிலவற்றில் சின்னப் பிள்ளைகளுக்கென்று விடுகதைகள் போட்டிருப்பார்கள். எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது அங்கேதான்.

முதலில் பின்னணி. நம்மூர் பைபிளில் ஆதியாகமம் முதல் உபாகமம் வரை இருக்கும் ஐந்து ஆகமங்கள்தான் தோரா. அதை 54 பகுதிகளாகப் பிரித்து, வாரம் ஒன்றாக (சில வாரம் இரண்டைச் சேர்த்து) வாசித்து, ஒரு வருடத்தில் முடித்து, சிம்ஹத் தோரா பண்டிகையன்று மறுபடி ஆதியாகமத்தில் தொடங்குவார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் பராஷா என்று பெயர். அந்த வாரம் ஊரே அந்தப் பகுதியில்தான் இருக்கும் என்பதால், சப்பாத் சாப்பாட்டு மேசையில் தாத்தா விடுகதை போட்டால் எந்தக் கதை, எந்த அதிகாரம் என்றெல்லாம் முன்கதை சொல்ல வேண்டியதில்லை.

விளையாட்டுக்கு வசதி செய்துகொடுப்பது இரண்டு விஷயம். தோராச் சுருளில் மெய்யெழுத்துகள் மட்டும்தான் இருக்கும், உயிர்க்குறிகள் கிடையாது, அதனால் ஒரே எழுத்துக்கூட்டத்தை வேறு மாதிரியும் வாசித்துப் பார்க்கலாம். அப்புறம், ஒவ்வொரு எழுத்தும் ஓர் எண். ஔவையின் 'எட்டேகால் லட்சணமே' ஞாபகம் இருக்கிறதல்லவா, எட்டுக்கு அ, காலுக்கு வ என்று போட்டுத் திட்டுவாரே, அந்த வித்தைதான். இவர்கள் அதை கெமத்ரியா என்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது எழுத்தைத் திருப்பிப் போடும் வகை. நோவாவின் பெயர் ஹீப்ருவில் இரண்டே எழுத்து: நூன், ஹெத். அதைத் திருப்பினால் ஹெத், நூன், அதாவது 'ஹேன்', கிருபை. நோவாவுக்குக் கர்த்தரின் கண்களில் கிருபை கிடைத்தது என்று ஒரு வசனம் உண்டே, அங்கே அவர் பெயரும் அதன் தலைகீழும் ஒரே வரியில் நிற்கின்றன. "தன் பெயரைத் திருப்பிப் பார்த்து கிருபையைக் கண்டவர் யார்?" என்று கேட்டால் முடிந்தது. இதில் ஒரு பொறி வேறு இருக்கிறது: அந்த வசனத்தை நோவா பராஷாவில் தேடினால் கிடைக்காது, அது முந்தைய வாரப் பகுதியின் கடைசி வசனம்! அதேபோல யூதாவின் மூத்த மகன் ஏர். அவன் பெயரின் இரண்டு எழுத்தைத் திருப்பினால் 'ரா', பொல்லாதவன். வசனமும் அவன் பொல்லாதவன் என்றுதான் சொல்கிறது. இதெல்லாம் பின்னால் வந்தவர்கள் ஒட்டவைத்தது மாதிரி எனக்குத் தோன்றவில்லை, மூலமே விளையாடுகிறது.

நான் பார்த்ததிலேயே உச்சம் என்று சொல்வது லேக் லேகா என்ற பராஷாவின் வாரத்துக்கானது. இப்படிக் கேட்கலாம்: "அவளிடம் பத்து இருந்தது. பத்தையும் எடுத்துக்கொண்டு ஐந்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், மீதி ஐந்து கணவனுக்குப் போனது. யார் அவள்?" விடை சாராள். சாராய் என்ற பழைய பெயரின் கடைசி எழுத்து யோத், அதன் மதிப்பு 10. அது போய் 'ஹே' வந்தது, மதிப்பு 5. அதே சமயம் ஆபிராம் என்ற பெயரின் நடுவில் இன்னொரு ஹே நுழைந்து ஆபிரகாம் ஆனது. கணக்கு சரியாகிவிட்டதா? இந்தக் கணக்கை ஆதியாகமத்துக்கான பழைய மித்ராஷிலேயே (யூத அறிஞர்களின் பழங்கால விளக்க நூல்) பார்க்கலாம். அங்கேயே இதற்கு இன்னொரு முடிவும் இருக்கிறது. பறிபோன யோத் சும்மா இருக்கவில்லை, கடவுளிடம் போய் முறையிட்டுக்கொண்டே இருந்ததாம், கடைசியில் எண்ணாகமத்தில் மோசே, நூனின் மகன் ஓசெயாவுக்கு யோசுவா என்று பெயர் மாற்றும்போதுதான் அதற்கு இடம் கிடைத்ததாம். ஒரு பெண்ணின் பெயரில் கடைசியில் நின்ற எழுத்து, ஓர் ஆணின் பெயரில் முதலில் வந்து உட்கார்ந்தது. ஓர் எழுத்துக்கு இவ்வளவு ரோஷம்!

வெறும் கூட்டல் கணக்கு விடுகதைகள் ஏராளம். ஆபிரகாம் தன் வீட்டு ஆட்கள் 318 பேரோடு போருக்குப் போனார், அவருடைய வேலைக்காரன் எலியேசரின் பெயரைக் கூட்டினாலும் 318 வருகிறது, அப்படியானால் போனது ஒரே ஆள்தானா? யாக்கோபு கனவில் கண்ட ஏணி 'சுலாம்', 130. சீனாய் மலையும் 130. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் எனக்கு இதில் அவ்வளவு மரியாதை இல்லை, தேடினால் எதற்கும் எதையாவது பொருத்திவிடலாம். கணக்கு ஒன்று குறைந்தால் 'சொல்லையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்' என்று ஒன்றைக் கூட்டிக்கொள்ளும் சலுகைகூட வைத்திருக்கிறார்கள், கேட்டால் சிரிப்பு வரும். 12-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினிலிருந்து வந்த உரைகாரர் இப்ன் எஸ்ரா இந்த 318 சமாசாரத்துக்கே மறுப்பு எழுதியிருக்கிறார்: வேதம் கெமத்ரியாவில் பேசுவதில்லை, அப்படிப் பார்த்தால் எந்தப் பெயரையும் நல்லதாகவும் காட்டலாம் கெட்டதாகவும் காட்டலாம் என்று. இத்தனைக்கும் அவரே கவிதையில் விடுகதை போட்ட ஆள்.

எழுத்தே தெரியாமல் ரசிக்கக்கூடியவையும் உண்டு. 'சாராளின் வாழ்நாள்' என்று பெயர், தொடங்குவதோ அவள் சாவில், எந்தப் பராஷா? ஹயே சாரா. யாத்திராகமத்தில் மோசே பெயரே வராத பராஷா எது? தெத்ஸவே. ஏன் என்று கேட்டால் அடுத்த வாரப் பகுதிக்குப் போக வேண்டும். பொன் கன்றுக்குட்டி விவகாரத்தில் ஜனங்களுக்காக மன்றாடும் மோசே, மன்னிக்காவிட்டால் என் பெயரை உம்முடைய புத்தகத்திலிருந்து கிறுக்கிப்போடும் என்கிறார். அதனால்தான் ஒரு பகுதியிலாவது பெயர் அழிந்துபோனது என்பார்கள். இங்கேயும் எழுத்து விடாது: 'என்னை அழித்துப்போடும்' என்பதற்கான 'மெஹேனி' என்ற சொல்லின் நான்கு எழுத்தை மாற்றிப் போட்டால் 'மே நோவாஹ்', நோவாவின் வெள்ளம். ஊருக்காக நோவா வாய் திறக்கவில்லை, வெள்ளம் அவர் பெயரில் நின்றது, மோசே மன்றாடினார் என்று விளக்கம்.

வேடிக்கை என்னவென்றால், பைபிளிலேயே பிரபலமான சிம்சோனின் விடுகதை இந்த வாராந்தரச் சுற்றில் வருவதே இல்லை. நாஸோ என்ற பராஷாவின் வாரத்தில் கூடுதலாக வாசிக்கும் தீர்க்கதரிசிப் பகுதியில் அவன் பிறப்பு வரும், அதோடு நிறுத்திவிடுவார்கள், விடுகதை அடுத்த அதிகாரத்தில்.

தொடங்க வேண்டுமென்றால் ஒரே நாளில் 22 எழுத்தையும் அவற்றின் எண்களையும் எழுதிப் பழகுங்கள். அப்புறம் இதைப் போட்டுப் பாருங்கள்: யாத்திராகமம் 30:12, எல்லாரும் காணிக்கை கொடுக்க வேண்டும் என்கிற இடம், அதில் ஐந்தெழுத்துச் சொல் ஒன்று, வலமிருந்து படித்தாலும் இடமிருந்து படித்தாலும் அதே சொல்தான். கண்டுபிடித்த பிறகு, கொடுப்பதற்கான சொல் ஏன் இரண்டு பக்கமும் போகிறது என்று யோசித்துப் பாருங்கள்.