டீச்சர் பதில்கள்

கேள்வி: 2020-21இல் ஒரு பெண்கள் கான்வென்ட்டில் பத்தாவது படித்தேன். தேர்வே இல்லாமல் எல்லோரும் பாஸ். இப்போது இன்டர்வியூ போனால், சான்றிதழில் மார்க் எங்கே என்று கேட்டுவிட்டு, "ஓ, கொரோனா பேட்சா" என்று சிரிக்கிறார்கள். உண்மையிலேயே அந்த வருஷம் நாங்கள் ஒன்றும் படிக்கவில்லையா டீச்சர்?
– வாசகி, திருச்சி

படித்தீர்கள் கண்ணு. அந்த வருஷம் நானும் ஒரு கான்வென்ட்டில் பத்தாவதுக்குக் கணக்கு எடுத்தவள், கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன். 2020 மார்ச்சில் பூட்டிய வகுப்பறை உங்களுக்குத் திறந்தது 2021 ஜனவரி 19 அன்று. பிப்ரவரி 25ஆம் தேதி 9, 10, 11 மூன்று வகுப்புக்கும் ஆல் பாஸ் என்று அறிவித்துவிட்டார்கள். இனி யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன், ஆனால் மார்ச் 22இல் மறுபடி மூடும் வரைக்கும் என் வகுப்பில் பாதிப் பெஞ்சுக்கு மேல் நிறைந்துதான் இருந்தது, முகக்கவசத்துக்குள்ளிருந்து சந்தேகம் கேட்டார்கள். உங்கள் பேட்ச் முதல் பொதுத்தேர்வு எழுதியது 2022 மே மாதம், ப்ளஸ் ஒன்னில். 2023இல் ப்ளஸ் டூவில் மாநிலத் தேர்ச்சி 94.03 சதவீதம். திண்டுக்கல்லில் ஒரு தச்சுத் தொழிலாளியின் மகள் 600க்கு 600 வாங்கியதும் அந்த வருஷம்தான், அந்தப் பெண்ணும் உன் பேட்ச். அடுத்த முறை யாராவது சிரித்தால் ப்ளஸ் டூ மார்க்கை எடுத்துக் காட்டு. பத்தாவதில் மார்க் போடாதது அரசு முடிவு, உன் குறை இல்லை.

கேள்வி: வீட்டில் ஃபோன் இல்லாத பிள்ளைகளை அப்போது எப்படி விடாமல் பிடித்து வைத்தீர்கள்?
– இளம் ஆசிரியை, தூத்துக்குடி

கல்வித் தொலைக்காட்சி இருந்தது, வாட்ஸ்அப் குரூப்பும் இருந்தது. ஆனால் பல வீடுகளில் ஒரே ஃபோன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அதனால் இரவு எட்டு மணிக்குத்தான் நான் கணக்கை வாய்ஸ் மெசேஜாக அனுப்புவேன். சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் கொடுக்கிற நாளில் அம்மாக்கள் பள்ளிக்கு வருவார்கள் இல்லையா, அன்றைக்கே கேட்டுக்குப் பக்கத்தில் மேஜை போட்டு உட்கார்ந்து, எழுதி முடித்த நோட்டை வாங்கிக்கொண்டு அடுத்த வாரத்துக்கானதைக் கொடுத்து அனுப்புவோம். அக்டோபரில் செபமாலை மாதம் வந்தபோது சிஸ்டர் ஒருவர் சாயங்காலம் கான்ஃபரன்ஸ் கால் போட்டுச் செபமாலை சொன்னார், தோழிகளின் குரலைக் கேட்பதற்காகவே இந்து, முஸ்லிம் பிள்ளைகளும் அதில் சேர்ந்துகொண்டார்கள். சொல்லி முடித்ததும் கால் மணி நேரம் ஒரே பேச்சுதான், சிஸ்டர் அதை ஒரு நாளும் நிறுத்தச் சொன்னதில்லை.

அப்புறம், எங்களிடம் தெருவாரியாகப் பெயர்ப் பட்டியல் இருந்தது. மூன்று வாரம் நோட்டு வராத பிள்ளையின் வீட்டுக்கு நேரில் போய்விடுவோம். அப்படிப் போன ஒரு வீட்டில் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு நிச்சயம் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு வேலை போய் மாதக்கணக்காகிவிட்டது, ஒரு வயிறு குறையட்டுமே என்ற கணக்கு. முதலில் அரிசிக்கும் மளிகைக்கும் ஏற்பாடு செய்தோம். அதன் பிறகுதான் பதினெட்டு வயது சட்டத்தைச் சொன்னோம், குழந்தைகள் உதவி எண் 1098க்கு ஃபோன் செய்ய வேண்டிவரும் என்றும் மறைக்காமல் சொல்லிவிட்டு வந்தோம். ஜனவரி 19 காலையில் ரெட்டைச் சடை, ரிப்பனோடு அவள் கேட்டில் நின்றதைப் பார்த்து எனக்குப் பேச்சே வரவில்லை. எல்லோரையும் அப்படித் திரும்பக் கொண்டுவர முடிந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஒரு பிள்ளையை வேலைக்கு வெளியூர் அனுப்பிவிட்டார்கள், நாங்கள் போனபோது வீடே பூட்டிக் கிடந்தது. அதனால் பட்டியலை இப்போதே எழுதி வையுங்கள், வெள்ளமோ காய்ச்சலோ வந்த பிறகு உட்கார்ந்து எழுத நேரம் இருக்காது.

கேள்வி: என் பேத்தி அந்த வருஷம் ஒன்றாம் வகுப்பு. இன்னமும் வாசிக்கத் தடுமாறுகிறாள். அடித்துச் சொன்னாலும் ஏறவில்லை.
– பாட்டி, நாகர்கோவில்

அடிக்காதீர்கள் அம்மா. சின்ன வகுப்புகள் திறந்ததே 2021 நவம்பர் 1. அவள் முதன்முதலாகப் பள்ளிப் பெஞ்சில் உட்கார்ந்தபோதே இரண்டாம் வகுப்பு, அ, ஆ சொல்லிக்கொடுக்கிற டீச்சரை அவள் பார்க்கவே இல்லை. தினம் ராத்திரி கால் மணி நேரம் பக்கத்தில் உட்காரவைத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், தப்பு வந்தால் திட்டாமல் நீங்கள் ஒரு தரம் சரியாகச் சொல்லுங்கள். வெளியே போனால் கடை போர்டு, பஸ் போர்டு எல்லாம் அவள்தான் உங்களுக்குப் படித்துச் சொல்ல வேண்டும். மூன்று மாதம் கழித்து எனக்கு ஒரு கடிதம் போடுங்கள், அதை அவள் கையெழுத்திலேயே எழுதச் சொல்லி.