விசிபிலிட்டி பத்தலைன்னு சொன்னா ப்ளாக் ஆரம்பிக்கலாமா?

வணக்கம் சார்,

நான் ஆறு வருஷமா ஒரே கம்பெனில பேக்கெண்ட் டெவலப்பரா இருக்கேன். டீம்ல யாருக்கு சிக்கல்னாலும் என் சீட்டுக்குத்தான் வருவாங்க. ஆனா அப்ரைசல்ல "வேலை நல்லாருக்கு, விசிபிலிட்டி பத்தல"ன்னு, அதாவது நான் செய்யறது மத்தவங்க கண்ணுல படலன்னு, ரெண்டாவது வருஷமா சொல்லிட்டாங்க. ஃப்ரெண்டு ஒருத்தன் டெக் ப்ளாக் ஆரம்பின்னு சொல்றான். எனக்கு எழுத வராது, எல்லாத்தையும் ஏற்கனவே யாராவது எழுதிட்டாங்க, அதுபோக ஆபீஸ்ல ஏதாவது பிரச்சனை ஆகுமோன்னு பயம். என்ன பண்ணலாம்?

(பேர் போட வேண்டாம்)

வணக்கம்ங்க,

ஆரம்பிங்க, கண்டிப்பா ஆரம்பிங்க. நீங்க சொன்னதுலயே ஒரு வரி எனக்கு ரொம்ப உறுத்திச்சு, "என் சீட்டுக்குத்தான் வருவாங்க". நீங்க வாயால சொல்லித் தர்றீங்க, அவங்க போய் சரி பண்ணிட்டு அந்த சிக்கலுக்கு சிஸ்டத்துல போட்டிருக்கற டிக்கெட்ட க்ளோஸ் பண்றாங்க, டிக்கெட்ல அவங்க பேரு இருக்கு, மேனேஜர் பாக்கறது அந்த டிக்கெட்டத்தான். யாரும் உங்கள ஏமாத்தல, ஆனா நீங்க செஞ்ச உதவிக்கு எங்கயும் தடம் இல்ல. அதனால புதுசா என்ன எழுதன்னு யோசிக்கவே வேணாம், போன மாசம் உங்ககிட்ட வந்து கேட்ட கேள்விகள எழுதுங்க, அதுலயும் ஒரே கேள்விய ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தா அதுதான் முதல் பதிவு.

எனக்கு நடந்தத சொல்றேன். ராத்திரி 12 மணிக்கு மேல விடியறதுக்குள்ள வர்ற ஆர்டர்லாம் எங்க ரிப்போர்ட்ல தப்பான தேதில விழுந்துட்டு இருந்துச்சு, ரெண்டு நாள் மண்டைய ஒடச்சிகிட்டு பாத்தா டேட்டாபேஸ்ல நேரம் யூடிசில, அதாவது உலகப் பொது நேரத்துல, சேவ் ஆகுது, ரிப்போர்ட் மட்டும் அத லோக்கல் டைமுக்கு மாத்தாம தேதிய வெட்டி எடுக்குது. டைம்ஸோன் பத்தி ஆயிரம் கட்டுரை இருக்கு, அது உண்மைதான். ஆனா என்ன அறிகுறிய பாத்தேன், எதையெல்லாம் தப்பா சந்தேகப்பட்டேன், கடைசில டேட்டாபேஸ்ல எந்த க்வெரிய ஓட்டி கண்டுபுடிச்சேன்னு நான் என் ப்ளாக்ல எழுதினது வேற எங்கயும் இல்ல. அதே மாதிரி சிக்கல் பக்கத்து டீம்ல வந்தப்ப ஒருத்தர் என் லிங்க்க க்ரூப்ல போட்டாரு, என்னை நேர்ல பாக்காதவங்களுக்கெல்லாம் அன்னைக்குதான் என் பேரு தெரிஞ்சுது.

எழுத வராதுன்னு சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன். சீட்டுக்கு வந்தவங்களுக்கு எப்படி சொல்வீங்களோ அப்படியே எழுதுங்க, தலைப்புல அந்த எரர் மெசேஜையே வெச்சா தேடறவங்களுக்கு சிக்கும். ஜெஃப் அட்வுட் 2004ல கோடிங் ஹாரர்னு ப்ளாக் ஆரம்பிச்சப்ப அவரும் வேலைக்கு போய்ட்டு இருந்த ஒரு ப்ரோக்ராமர்தான், 2008ல அவரும் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் சேந்து ப்ரோக்ராமர்களுக்கான கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ ஆரம்பிச்சப்ப முதல்ல வந்து நின்னது அவங்க ரெண்டு பேரோட ப்ளாக் வாசகர்கள்தான். எல்லாருக்கும் அவ்ளோ தூரம் போகாது, உங்களுக்கு போகவும் தேவையில்ல, உங்க ஆபீஸ்ல ஒரு இருபது பேர் படிச்சாலே நீங்க கேக்கற விஷயம் நடந்துடும்.

பயம் நியாயமானதுதான். ஹெதர் ஆர்ம்ஸ்ட்ராங்னு ஒரு அமெரிக்க ப்ளாகர் டூஸ்னு தன்னோட சொந்த தளத்துல வேலை பத்தியும் கூட வேலை செய்யறவங்க பத்தியும் எழுதி 2002ல வேலைய இழந்தாங்க, அதுக்கப்புறம் அந்த தளத்தோட பேரே இப்படி வேலை போறதுக்கு ஒரு வார்த்தையா ஆயிடுச்சு. அதனால ஆளுங்கள பத்தி எழுதாதீங்க. ஐபிஎம்ல 2005ல ஊழியர்களே சேந்து ப்ளாக் எழுதறதுக்கு விதிகள் போட்டாங்க, சொந்த பேர்ல எழுது, இது என் கருத்து கம்பெனியோடது இல்லன்னு சொல்லு, ரகசியத்த வெளிய விடாத, இதெல்லாம் அதுல உண்டு, இன்னைக்கும் அது போதும். உங்க ஆஃபர் லெட்டர எடுத்து ஒரு தடவை படிங்க, நீங்க உருவாக்கறது கம்பெனிக்கு சொந்தம்னு பல இடத்துல எழுதியிருப்பாங்க. கஸ்டமர் பேரு, உள்ள இருக்கற சர்வர் பேரு, ஸ்க்ரீன்ஷாட், ஆபீஸ் கோட் எதுவும் வேணாம், அதே சிக்கல சின்ன டம்மி உதாரணமா திரும்ப எழுதிக்கோங்க.

முதல் மூணு பதிவ கம்பெனி விக்கிலயே, அதாவது ஆபீஸ்காரங்க மட்டும் எழுதி படிக்கற உள் தளத்துலயே, போடுங்க, அங்க பர்மிஷன் தலைவலி கம்மி, உங்கள கவனிக்க வேண்டியவங்களும் அங்கதான் இருக்காங்க. அப்புறம் மேனேஜர்கிட்ட காட்டி, பொதுவான பகுதிய மட்டும் வெளிய எழுதலாமான்னு மெயில்ல கேளுங்க, பதிலும் மெயில்லயே இருக்கட்டும். லிங்க்க சும்மா எல்லா க்ரூப்லயும் தள்ளாதீங்க, யாராவது அந்த கேள்விய கேக்கும்போது குடுங்க. ஒரு பிரச்சனைய உங்ககூட இன்னொருத்தர் சேந்து கண்டுபுடிச்சிருந்தா அவர கேட்டுட்டு அவர் பேரையும் போடுங்க, உங்களுக்கு நடந்த அதே கஷ்டம் அவருக்கு நடக்கக் கூடாது இல்லையா. மாசம் ஒண்ணு போதும். அடுத்த அப்ரைசலுக்கு போகும்போது எந்த பதிவ எந்த டீம் யூஸ் பண்ணாங்கன்னு குறிச்சு எடுத்துட்டு போங்க.

அதுக்கப்புறமும் அவங்க கண்டுக்கலன்னா உங்க வேலைய மதிக்கற வேற டீமோ வேற கம்பெனியோ தேடறப்ப இதே பதிவுகள்தான் உங்க கைல இருக்கும். முதல் பதிவு வெளிய வந்ததும் லிங்க் அனுப்புங்க, நான் முழுசா படிச்சிட்டு எழுதறேன்.