பிறந்த குழந்தைக்குச் சிறுநீரக வீக்கம்: காத்திருப்பதா, அறுவை சிகிச்சையா?

கேள்வி: எங்கள் முதல் குழந்தை பிறந்து 12 நாட்கள் ஆகின்றன, ஆண் குழந்தை. ஏழாம் மாத ஸ்கேனிலேயே இடது சிறுநீரகம் வீங்கியிருப்பதாகச் சொன்னார்கள். பிறந்த நான்காம் நாள் எடுத்த ஸ்கேனில் வீக்கம் 14 மில்லிமீட்டர் என்றும், வலது சிறுநீரகமும் சிறுநீர்ப்பையும் இயல்பாக உள்ளன என்றும் எழுதியிருக்கிறார்கள். மருத்துவர் ஆறு வாரத்தில் வரச் சொல்லியிருக்கிறார். அடைப்பு இருக்கலாம் என்று தெரிந்த பிறகும் காத்திருப்பது சரியா? உடனே அறுவை சிகிச்சை செய்துவிட்டால் சிறுநீரகத்தைக் காப்பாற்றலாமே என்று வீட்டில் கேட்கிறார்கள். அடுத்த குழந்தைக்கும் இது வருமா?

பதில்: உங்கள் மருத்துவர் சொன்ன ஆறு வாரம் சரியான கணக்கு. நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களின்படி, இப்போது அறுவை சிகிச்சை செய்வதால் குழந்தைக்குக் கூடுதலாக எந்த நன்மையும் கிடைக்காது. ஆனால் அந்த ஆறாவது வாரப் பரிசோதனையைத் தவறவிட்டால் இழப்பு நேரலாம்.

ஸ்கேன் காட்டுவது வீக்கத்தைத்தான். அடைப்பு இருக்கிறதா என்பதை அது நேரடியாகச் சொல்வதில்லை. சிறுநீரகத்தில் உருவாகும் சிறுநீர் புனல் போன்ற ஒரு பகுதியில் வந்து சேர்ந்து, அங்கிருந்து சிறுநீர்க்குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்கு இறங்குகிறது. 14 மில்லிமீட்டர் என்பது அந்தப் புனலின் முன்பின் அகலம். நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டிலாவது இந்த விரிவு ஸ்கேனில் தெரிகிறது; அவற்றில் பெரும்பாலானவை, குழாயில் இருக்கும் மடிப்புகள் குழந்தை வளர வளர நிமிர்ந்துவிடுவதால், ஓரிரு ஆண்டுகளுக்குள் தாமாகவே குறைந்துவிடுகின்றன. பிறந்த பிறகு 10 மில்லிமீட்டருக்குக் கீழ் இருந்தால் பொதுவாகக் கவலைப்படுவதில்லை. 30 மில்லிமீட்டரைத் தாண்டினால் பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது. உங்கள் குழந்தையின் அளவு இடைப்பட்டது. இந்த எண் சிறுநீர்ப்பை நிறைந்திருக்கிறதா, குழந்தை எவ்வளவு பால் குடித்திருக்கிறது என்பவற்றைப் பொறுத்தும் மாறும் என்பதால், அதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. சிறுநீரகத்தின் உள்கிளைகளும் விரிந்திருக்கின்றனவா, சுற்றியுள்ள சதைப்பகுதி மெலிந்திருக்கிறதா என்று அறிக்கையில் பாருங்கள். எண்ணைவிட அவை முக்கியமானவை.

காத்திருக்கவே கூடாத ஒரு நிலையும் உண்டு. உங்கள் குழந்தைக்கு அது இருப்பதாகத் தெரியவில்லை என்றாலும், இதைப் படிக்கும் மற்றப் பெற்றோருக்காக விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆண் குழந்தைகளுக்கு மட்டும், ஏறக்குறைய 5,000 முதல் 8,000 பேரில் ஒருவருக்கு, சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர் வெளியேறும் பாதையின் பின்பகுதியில் மெல்லிய சவ்வு ஒன்று வால்வு போல வழியை மறித்துக்கொண்டு உருவாகிறது. அடைப்பு மிகவும் கீழே இருப்பதால் சிறுநீர்ப்பை தடித்துப்போகிறது, இரண்டு குழாய்களும் இரண்டு சிறுநீரகங்களும் வீங்குகின்றன. கருவிலேயே பனிக்குட நீர் குறைந்து, நுரையீரல் வளர்ச்சியும் பாதிக்கப்படலாம். பிறந்த பின் சிறுநீர் சொட்டுச் சொட்டாக வருவது, அடிவயிறு கல் போல் உருண்டு நிற்பது, 48 மணி நேரமாகியும் சிறுநீரே வராதிருப்பது ஆகியவை இதன் அடையாளங்கள். ஆண் குழந்தை நீர் பீச்சியடித்தால் பெரியவர்கள் மகிழ்வார்கள். அது பயனுள்ள கவனிப்புதான். ஆனால் வால்வு உள்ள சில குழந்தைகளும் ஓரளவு நன்றாகவே சிறுநீர் கழிக்கும் என்பதால், இரு பக்க வீக்கமும் தடித்த சிறுநீர்ப்பையும் ஸ்கேனில் இருந்தால், பீச்சுவதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

இத்தகைய குழந்தைக்குப் பிறந்த முதல் நாளிலேயே ஸ்கேன் எடுத்து, மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்திச் சிறுநீர்ப்பையை வடியவிட வேண்டும். கிருமித் தொற்றுக்கும், இரத்தத்தில் கூடியிருக்கும் பொட்டாசியத்துக்கும் அமிலத்துக்கும் சிகிச்சை தர வேண்டும். அடைப்பு நீங்கியவுடன் சில குழந்தைகளுக்குச் சிறுநீர் அளவுக்கு மீறி வெளியேறி நீரிழப்பு ஏற்படும் என்பதால் மணிக்கு மணி அளவெடுப்பது அவசியம். சிறுநீர்ப்பையில் சாயமருந்து செலுத்தி எடுக்கும் எம்.சி.யூ. எக்ஸ்ரேயில் வால்வு உறுதியான பிறகு, சிறுநீர்ப் பாதைக்குள் செலுத்திப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப் கருவி மூலம் உள்ளிருந்தே அதை நீக்கிவிடலாம். கருவி நுழைய முடியாத அளவுக்குக் குழந்தை சிறியதாக இருந்தால், அடிவயிற்றில் தற்காலிகமாக ஒரு வழி திறந்து சிறுநீரை வெளியேற்றுவார்கள். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் காட்டும் இரத்தக் கழிவான கிரியாட்டினினின், பிறந்தவுடன் எடுக்கும் அளவு பெரும்பாலும் தாயின் அளவையே காட்டும் என்பதையும், அதன் பின் முதல் ஓராண்டில் அது எவ்வளவு தாழ்கிறது என்பதே எதிர்காலத்தைச் சொல்லும் என்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். வால்வு நீங்கினாலும் சிறுநீர்ப்பையின் கோளாறு தொடரலாம். கண்காணிப்பு வளர்ந்து ஆளாகும் வரை நீளும்.

இனி உங்கள் குழந்தைக்கு வருவோம். ஒரு பக்கம் மட்டும் வீங்கி, சிறுநீர்க்குழாய் விரியாமல், சிறுநீர்ப்பை இயல்பாக இருந்தால், புனலும் குழாயும் சேரும் இடத்தில் குறுகல் இருக்கலாம் என்பதே முதல் சந்தேகம். பிறவி அடைப்புகளில் இதுதான் அதிகம் காணப்படுவது. இடப்பக்கத்தில்தான் கூடுதலாக வருகிறது. அறிக்கையில் சிறுநீர்க்குழாயும் விரிந்திருப்பதாக எழுதியிருந்தால் மட்டும் மருத்துவரிடம் எம்.சி.யூ. பற்றிக் கேளுங்கள்.

ஆறு வாரத்தில் ஸ்கேன் மீண்டும் எடுக்கப்படும். வீக்கம் குறையாமலோ கூடியோ இருந்தால் சிறிதளவு கதிரியக்க மருந்தைச் செலுத்திப் படமெடுக்கும் ரீனோகிராம் என்ற ஐசோடோப்பு பரிசோதனை செய்வார்கள். பச்சிளம் சிறுநீரகம் முதல் சில வாரங்களில் முழுத்திறனுடன் இயங்குவதில்லை. அப்போதே இந்தப் பரிசோதனையைச் செய்தால் முடிவு நம்மைத் தவறாக வழிநடத்தும். காத்திருக்கச் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இரண்டு சிறுநீரகங்களும் வேலையை எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதை ரீனோகிராம் சொல்கிறது. இடப்பக்கத்தின் பங்கு 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் இருந்தால், சிறுநீர் வடிவது சற்றுத் தாமதமானாலும் தொடர்ந்து கண்காணிக்கலாம். பங்கு 40 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தாலோ, அடுத்தடுத்த பரிசோதனைகளில் சரிந்துகொண்டே வந்தாலோ, வீக்கம் வளர்ந்தாலோ, காய்ச்சலுடன் தொற்று திரும்பத் திரும்ப வந்தாலோ அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

அந்த அறுவை சிகிச்சைக்குப் பைலோபிளாஸ்டி என்று பெயர். குறுகிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, அகலமான வாயாக மீண்டும் இணைக்கும் இம்முறையை ஆண்டர்சன், ஹைன்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர்கள் 1949-இல் வெளியிட்டார்கள். இன்றும் அதுவே அடிப்படை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து குழந்தைகளுக்காவது இது நிரந்தரத் தீர்வாகிறது. இணைத்த இடம் ஆறும்வரை சிறுநீர் வடிவதற்காக உள்ளே வைக்கும் டி.ஜே. ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயைச் சில வாரங்களில் எடுத்துவிட வேண்டும். மறந்துவிட்டால் அதன்மேல் கல் படியும். எடுக்க வேண்டிய தேதியை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த ஆறு வாரத்தில் உங்கள் கவனம் காய்ச்சல் மீதே இருக்கட்டும். 38 டிகிரி செல்சியஸை, அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, வாந்தியெடுத்துச் சோர்ந்து கிடந்தாலோ அன்றே, இரவானாலும், மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சல் இல்லாமலேயே தொற்று முற்றக்கூடிய வயது இது. பை ஒட்டிப் பிடிக்கும் சிறுநீரில் வெளிக்கிருமி கலந்துவிடும் என்பதால், கிருமியை வளர்த்துக் கண்டறியும் கல்ச்சர் பரிசோதனைக்குக் குழாய் மூலம் எடுத்த மாதிரியே நம்பகமானது. தடுப்பு மருந்தாக ஆன்டிபயாடிக் வேண்டுமா என்பது வீக்கத்தின் அளவைப் பொறுத்தது. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் நிறுத்தாமல் கொடுங்கள், எழுதாவிட்டால் நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். சிறுநீர் பிரிய வேண்டுமென்று பார்லித் தண்ணீரோ சீரகத் தண்ணீரோ கொடுக்க வேண்டாம். தாய்ப்பால் மட்டும் போதும். குளிப்பாட்டும்போது ஆணுறுப்பின் முன்தோலைப் பின்னுக்கு இழுத்துவிடும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதைக் கண்டிப்பாகத் தவிர்க்கச் சொல்லுங்கள். கிழிந்து ஆறும் தோல் இறுகி, புதிதாக ஒரு சிக்கலை உண்டாக்கும்.

முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பதால் கர்ப்பகால ஸ்கேன்கள் ஓர் ஊரிலும் குழந்தையின் ஸ்கேன்கள் வேறோர் ஊரிலும் இருப்பது வழக்கம். எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்து, முடிந்தவரை ஒரே இடத்தில் அடுத்த ஸ்கேனை எடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் மாற்றம் தெரியும். தடுப்பூசிகளை வழக்கம்போல் போடலாம்.

அடுத்த குழந்தையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இவ்வகைக் குறுகல் பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. கர்ப்ப காலத்தில் சாப்பிட்டதாலோ செய்த வேலையாலோ வந்ததும் இல்லை. அடுத்த கர்ப்பத்தில் 20-ஆம் வார ஸ்கேனின்போது இந்த விவரத்தைச் சொல்லி, கடைசி மூன்று மாதங்களில் ஒருமுறை குழந்தையின் சிறுநீரகங்களைப் பார்க்கச் சொன்னால் போதும்.