சிங்கப்பூர் – நியூயார்க் விமானம்: எவ்ளோ தூரம், எவ்ளோ நேரம்? கேளுங்க, சொல்றேன்

கேள்வி: அண்ணே, சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட்ல இருந்து நியூயார்க் ஜேஎஃப்கே ஏர்போர்ட் எத்தனை கிலோமீட்டர், எவ்ளோ நேரம் ஆகும்?

பதில்: சுமார் 15,350 கிலோமீட்டர் தம்பி. டிக்கெட்டுல 18 மணி 40 நிமிஷம் பக்கம் போட்டிருக்கும், சீசனுக்குச் சீசன் கொஞ்சம் மாறும். அது கேட்டை விட்டு நகர்றதுல இருந்து அங்க கேட்டுல நிக்கிற வரைக்கும் உள்ள நேரம், வானத்துல இருக்கறது அதவிடக் கம்மிதான்.

கேள்வி: மேப்புல ஸ்கேல் வச்சா ஆப்பிரிக்கா வழியா வருது, எங்க அக்கா பசிபிக் மேல போனேங்கறா. எது சரி?

பதில்: மேப்ப மூடி வச்சிட்டு உருண்டை குளோப் ஒண்ணு எடுத்து ரெண்டு ஊருக்கும் நடுவுல நூலை இழுத்துப் பிடிச்சுப் பாருங்க. சிங்கப்பூர் கிழக்கே 104 டிகிரி, நியூயார்க் மேற்கே 74, கூட்டினா 178, அதாவது ஏறக்குறைய பூமிக்கு அந்தப்பக்கம், அதனால நூல் வடதுருவத்த ஒட்டிப் போகும், அந்த நூலோட நீளம்தான் நான் சொன்ன 15,350. ஆனா விமானம் பல நாள் அந்த வழியில போறதே இல்ல! 10, 12 கிலோமீட்டர் உயரத்துல மேற்கேயிருந்து கிழக்கே ஜெட் ஸ்ட்ரீம்னு ஒரு காத்து ஓடுது, ஜப்பான் பக்கம் குளிர்காலத்துல மணிக்கு 300 கிலோமீட்டரத் தாண்டும், அது முதுகுல தள்ளுனா ஆயிரம் கிலோமீட்டர் சுத்திப் போனாக்கூட நேரமும் எண்ணெயும் மிச்சம். அக்கா சொன்னது சரி.

கேள்வி: அப்ப திரும்பி வரும்போது எதிர்க்காத்துதானே?

பதில்: இந்த ரூட்டுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான். திரும்பும்போதும் கிழக்காவே, அட்லாண்டிக், ஐரோப்பான்னு வரலாம், போயிட்டு வந்தா பூமிய ஒரு சுத்து சுத்தியாச்சு. எல்லா நாளும் அப்படி இல்ல, அன்னன்னைக்குக் காத்தப் பாத்துத்தான் வழி போடுவாங்க.

கேள்வி: இந்த நேர் விமானத்துல எகானமி சீட் ஏன் இல்ல?

பதில்: எடைதான் காரணம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இதுக்கு ஓட்டுற ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர்ல (ரொம்பத் தூரம் போறதுக்குன்னே செஞ்ச வகை) 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும், ஆளு மொத்தம் 161 தான், பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. இதுக்கு முன்னாடி 2004ல நாலு இன்ஜின் ஏ340-500ஐ வச்சு நியூயார்க் பக்கத்துல இருக்கற நியூவார்க் ஏர்போர்ட்டுக்கு ஓட்டினாங்க, எண்ணெய்ச் செலவு கட்டுப்படியாகல, 2013ல நிறுத்திட்டு 2018ல இந்த விமானம் வந்தப்புறம்தான் மறுபடி ஆரம்பிச்சாங்க. ஜேஎஃப்கே 2020 நவம்பர்ல இருந்து.

கேள்வி: பைலட் தூங்குவாங்களா?

பதில்: நாலு பேர் இருப்பாங்க, முறை வச்சுத் தூங்குவாங்க, பயப்படாதீங்க.

கேள்வி: ராத்திரி 12 மணிக்குக் கிளம்பினா அதே தேதி காலையில இறங்குதே, எப்படி?

பதில்: நியூயார்க் கோடையில 12 மணி நேரம் பின்னாடி, குளிர்காலத்துல 13. ராத்திரி 12 மணியோட 18 மணி 40 நிமிஷத்தச் சேத்தா சிங்கப்பூர்ல சாயங்காலம் 6:40, அப்ப அங்க கோடையில காலை 6:40.

கேள்வி: அம்மாவுக்கு 70 வயசு, கால் வீங்கும். கூட்டிட்டுப் போலாமா?

பதில்: முதல்ல டாக்டரக் கேட்டுடுங்கம்மா. போலாம்னு சொன்னா நடைபாதை ஓர சீட்டாப் போடுங்க, ரெண்டு மணிக்கொரு தரம் எழுப்பி நடக்க விடுங்க, தண்ணி குடுத்துட்டே இருங்க. ஒரே மூச்சுல முடியாதுன்னா ஃபிராங்க்ஃபர்ட்ல நின்னு போற விமானம் இருக்கு, நேரம் கூட ஆகும், ஆனா நடுவுல இறங்கிக் கால நீட்டிக்கலாம், எகானமியும் உண்டு. எங்கம்மாவ நான் அதுலதான் கூட்டிட்டுப் போனேன்.