சப்போர்ட்டர் எல்லாம் ஆதரவாளரா?

ஐயா,

எங்கள் கோவில் சங்கத்தின் காவடித் திருவிழா அறிக்கையை ஆங்கிலத்திலிருந்து தமிழில் எழுதினேன். ‘சப்போர்ட்டர்ஸ்’ வந்த இடமெல்லாம் ‘ஆதரவாளர்கள்’ என்று போட்டேன். அன்னதானத்துக்குப் பணம் தந்தவர்கள், தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்கள் எல்லாரும் அதற்குள் அடங்கிவிட்டார்கள். கட்சி நோட்டீஸ் போல இருக்கிறது என்கிறார் சங்கத்துப் பெரியவர் ஒருவர். தவறா?

– ஒரு வாசகர், ரோஸ் ஹில், மொரீஷியஸ்

அன்புள்ள வாசகருக்கு,

பெரியவர் சொன்னது சரிதான். ‘இன்னாரின் ஆதரவாளர்கள்’ என்று செய்தித்தாள்கள் எழுதி எழுதி, அந்தச் சொல்லைக் கேட்டாலே கோஷ்டியும் கொடியும் கண்ணில் வருகின்றன. கட்சிக்கும் கொள்கைக்கும் அது பொருந்தும். அங்கேயும் ஒரு வேறுபாடு உண்டு: வீடு வீடாக ஏறி வாக்குக் கேட்பவர் தொண்டர். வாக்களித்துவிட்டு வீட்டில் இருப்பவரும் ஆதரவாளர்தான்.

கோவில் கணக்கு வேறு. அன்னதானத்தின் செலவையோ ஒரு நாள் பூசையின் செலவையோ ஏற்றுக்கொண்டவர் உபயதாரர். பொது நிதிக்குத் தொகை தந்தவர் நன்கொடையாளர். பல ஆண்டுகளாகச் சங்கத்தைத் தாங்கி நிற்பவர் புரவலர். ஆங்கிலத்திலும் ஸ்பான்சர், டோனர், பேட்ரன் என்று மூன்று சொற்கள் இருக்கின்றன. அறிக்கை எழுதியவர் யார் மனமும் நோகாமல் எல்லாரையும் சப்போர்ட்டர்ஸ் ஆக்கியிருப்பார். அகராதி இங்கே உதவாது. பொருளாளரிடம் ரசீதுப் புத்தகத்தை வாங்கி, எதற்காகப் பணம் வந்தது என்று பார்த்துப் பிரியுங்கள்.

தீர்மானத்தில்தான் பிழை பெரிது. முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், ஆதரித்து வாக்களித்தவர்கள் என மூன்று நிலை. வழிமொழிந்தவரையும் ஆதரவாளர் என்று எழுதினால், தீர்மானம் வழிமொழியப்பட்டதா என்பதே பின்னாளில் குறிப்பைப் புரட்டுபவருக்குத் தெரியாது.

பந்தாட்டக் கிளப்புக்கு ஃபேனும் உண்டு, சப்போர்ட்டரும் உண்டு; தமிழில் இருவரும் ரசிகர். நடிகருக்கு ஃபேன் மட்டுமே. நம்மவர்கள் ஆங்கிலத்தில் பேசும்போது ‘ஐ சப்போர்ட் டு லிவர்பூல்’ என்பது ‘லிவர்பூலுக்கு’ என்ற நான்காம் வேற்றுமை செய்யும் வேலை. வினைக்குப் பின் ‘டு’ வராது. ‘கிவ் சப்போர்ட் டு’ என்று பெயர்ச்சொல்லாக வந்தால் வரும். சப்போர்ட்டருக்குப் பின்னால் ‘ஆஃப்’ வரும், ‘ஃபார்’ வராது.

உங்கள் ஊரில் பிரெஞ்சும் கலந்து குழப்பும். அங்கே ‘சுப்போர்த்தே’ என்ற வினைக்குப் பொறுத்துக்கொள்வது என்றும் பொருள். ‘ழ ந சுப்போர்த் பா’ என்றால் ‘என்னால் பொறுக்க முடியவில்லை’. இரண்டுக்கும் மூலம், கீழிருந்து சுமப்பதைக் குறிக்கும் லத்தீன் வினை.

அந்தப் பழைய பொருள் அப்படியே நிற்கும் இடம் ஒன்று உண்டு: அரசுச் சின்னம். கேடயத்தின் இருபுறமும் நிற்கும் உருவங்களுக்கு ஆங்கிலத்தில் சப்போர்ட்டர்ஸ் என்றே பெயர். 1906இல் வழங்கப்பட்ட மொரீஷியஸ் சின்னத்தில் ஒருபுறம் டோடோ பறவை, மறுபுறம் கடமான், இரண்டின் பக்கத்திலும் கரும்பு. அறிக்கையில் அந்த வரி வந்தால் ‘தாங்கும் உருவங்கள்’ என்று எழுதுங்கள். ஆதரவாளர் என்று எழுதினால் டோடோவும் கட்சியில் சேர்ந்துவிடும்.

தமிழ்நாட்டிலிருந்து வரும் கிரிக்கெட் பையன் கடையில் சப்போர்ட்டர் கேட்டால், அவனுக்கு ஆள் வேண்டாம். பந்து பட்டு அடிபடாமல் காக்கும் கார்டை உள்ளே வைத்துக்கொள்ளும் உள்ளாடை வேண்டும்.